சுடுகாட்டில் ஒலிக்கும் நாடகப் பாட்டு!

சுடுகாட்டுக்கு யாராவது விரும்பிப் போவார்களா? அதுவும் நாடக வேடத்தோடு?

போகிறார்கள்!

புதுவையில் ஆண்டுதோறும் நவம்பர் 13ந் தேதி இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நாடக நடிகர்கள் கூட்டமாக வருகிறார்கள். வேடம் போட்டபடியே வருகிறவர்களும் உண்டு. கருவடிக்குப்பம் இடுகாட்டில் உள்ள ஒரு சமாதிக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள்.

அங்கே உறங்குகிறவர் சங்கரதாஸ் சுவாமிகள். "நாடகத் தலைமை ஆசிரியர்" என்று போற்றப்படுகிறவர்.

குயிலும் சித்தரும்

கருவடிக்குப்பம் புதுவை நகருக்கு வடக்கே இருக்கிறது. இப்போது எங்கு பார்த்தாலும் வீடுகள். அந்தக் காலத்தில் அது ஊருக்கு வெளியே இருந்த தோப்புப் பகுதி.

அங்கே இருந்த மாந்தோப்புக்குப் பாரதியார் அடிக்கடி போவார். அவருடைய குயில் பாட்டு அங்கேதான் பிறந்தது என்பார்கள். "குயில் தோப்பு" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

சித்தானந்த சுவாமி கோவிலும் அங்கேதான். அதுவும் ஒரு சமாதி. சித்தானந்த சுவாமிகள் அடக்கமானது 1837ம் ஆண்டு. அந்தக் கோவிலையும் பாரதியார் பாடியிருக்கிறார்.

மாஞ்சோலை, சித்தர் கோவில், அதோடு ஊர் இடுகாடு. இப்படி அமைந்த இடம் வேறு எந்த ஊரில் இருக்கிறதோ!

கணக்குப்பிள்ளை நடிகரானார்

சங்கரதாஸ் புதுவைக்காரர் அல்ல. தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867ம் ஆண்டு பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தார். 24 வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார்.

எமன், சனீசுவரன் வேடங்களில் அவரைக் கண்டாலே ஜனங்கள் நடுங்குவார்கள். ஒருநாள் விடியற்காலையில், வேடத்தைக் கலைக்காமல் குளக்கரைக்குப் போனாராம். அவரைப் பார்த்த ஒரு பெண் பயந்து உயிரையே விட்டுவிட்டாளாம். அதன் பிறகு அவர் வேடம் போடுவதையே விட்டுவிட்டார் என்று சொல்வார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காவி உடுத்தித் தலயாத்திரை போனார். திரும்பி வந்து நாடகங்களை எழுதிக் குவித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் எழுதியவையே. "அபிமன்யு சுந்தரி"யைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார்!

பிள்ளைகளே வாரிசு

பெரிய நடிகர்கள் சொன்னபடி கேட்பதில்லை. பாடத்தை விட்டுவிட்டு மனம்போல் பேசுவார்கள். இதனால் சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்துவது என்று சுவாமிகள் முடிவு செய்தார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் டி.கே.சண்முகம். அப்போது அவருக்கு வயது 6.

சுவாமிகளுக்குச் சொந்த வீடு இல்லை. மனைவி மக்கள் இல்லை. கம்பெனி போன ஊர்தான் அவர் ஊர். பாடம் படித்த பையன்கள்தான் அவர் பிள்ளைகள்.

1921ல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன. ஊருக்கெல்லாம் வசனம் சொல்லிக் கொடுத்த நாக்கும் குழறிப்போனது. எழுதிக் கொடுக்கவும் முடியாது, சொல்லிக் கொடுக்கவும் முடியாது. அவருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் இருந்திருக்க முடியுமா?

1922 நவம்பர் 13ந் தேதி சுவாமிகள் புதுவையில் கண்ணை மூடினார். பாரதியார் அந்த ஊரைவிட்டுப் போய் 4 வருடம் ஆகியிருந்தது. அப்போது புதுவையில் பிரெஞ்சு ஆட்சி.

துறவிகளை எரிப்பது இல்லை, புதைப்பதுதான் வழக்கம். அதனால்தான் சுவாமிகளுக்குக் கருவடிக்குப்பத்தில் ஒரு சமாதி கிடைத்தது. எரித்திருந்தால் மாலை போட இடம் ஏது?

அவர் எழுதிய நாடகங்களில் பல இன்று கிடைக்கவில்லை. ஆனால் வள்ளி திருமணம் திருவிழா மேடைகளில் இன்னும் விடிய விடிய நடக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரில் இருக்கிறது.

சொந்தம் என்று ஒருவரும் இல்லாத அந்தத் துறவிக்குத் திதி தவறுவதில்லை. நவம்பர் 13 வந்தால் நடிகர்கள் வந்துவிடுகிறார்கள். அவர் எழுதிய பாட்டையே அவர் தலைமாட்டில் நின்று பாடிவிட்டுப் போகிறார்கள்.