கேட்டுப் பெறும் உரிமை

2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். இரண்டே வாரத்தில் மாநிலத்தைப் பெருவெள்ளமும் சூழ்ந்தது. ‘மலைச்சரிவில் கட்டடம் எழுப்ப அனுமதி அளித்தவர் யார்?’ என்ற கேள்வி எங்கும் எழுந்தது. மண்சரிவை ஆராய மாநில அரசாங்கம் விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. உயிர்கள் பறிபோன பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமா? மலையடிவாரத்தில் குடியிருப்பவர் முன்கூட்டியே கேட்கக் கூடாதா?

கேட்கலாம். அதற்கான சட்டம் அப்போதே நடப்பில் இருந்தது. பினாங்கு மாநிலச் சட்டமன்றம் 2011 நவம்பரில் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் சிலாங்கூர் இத்தகைய சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாக நிறைவேற்றியிருந்தது. பினாங்கில் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2015 ஜனவரி முதல் நாளில்தான். நிறைவேற்றிய சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது சற்று வியப்பளிக்கிறது!

இச்சட்டப்படி ஒருவர் மாநிலத் துறையிடமோ ஊராட்சி மன்றத்திடமோ எழுத்து மூலம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, ஆவணங்களைக் கேட்கலாம். அதனைக் கவனிக்கத் தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். நிலம் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆகவே, மலைநிலம் பற்றிய கேள்விகளுக்கு இச்சட்டம் பெரிதும் உதவும். பள்ளி, மருத்துவமனை, காவல் துறை ஆகியவை கூட்டரசின் பொறுப்பில் உள்ளன. உங்கள் பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கீடு கிடைத்தது என்பதை இச்சட்டத்தைக் காட்டிக் கேட்க இயலாது.

இன்னொரு தடையும் உண்டு, அதுவே பெரியது. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் நாடு முழுமைக்கும் உரியது. மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்கள் அதன்படி இரகசியமானவை. முதலமைச்சரும் ஓர் ஆவணத்தை இரகசியம் என வகைப்படுத்தலாம். மாநிலச் சட்டம் திறக்கும் கதவைக் கூட்டரசுச் சட்டம் மூடிவிடக்கூடும். மாநிலத்தின் வரவு செலவைத் தலைமைக் கணக்காய்வாளர் தணிக்கை செய்கிறார். அவருடைய அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. ஆனால், அது பெரும்பாலும் பணம் செலவான பிறகே வரும்.

சுவீடன் 1766ஆம் ஆண்டிலேயே அரசாங்க ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடு 1997இல் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றியது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 2005இல் வந்தது.

விண்ணப்பிப்பவர் கேள்வியைக் கூர்மையாக எழுதுவது நல்லது. பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலம் மலைநிலமாகக் கருதப்படுகிறது. ‘எங்கள் மலையைப் பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும்’ என்று எழுதினால் அதிகாரி எந்தக் கோப்பைத் தேடுவார்? ‘இந்த எண் கொண்ட நிலம் 76 மீட்டருக்கு மேல் உள்ளதா? அங்குக் கட்டட அனுமதி எந்த நாளில், எந்த நிபந்தனைகளோடு வழங்கப்பட்டது?’ என்று எழுதினால், அவர் எடுக்க வேண்டியது ஒரே கோப்புதான்.