காற்றில் வரும் இணையத்துக்குப் பூட்டு

கம்பி வழியாக வரும் இணையத்தைத் திருட வேண்டுமானால் கம்பத்தில் ஏற வேண்டும். காற்று வழியாக வந்தால் பக்கத்து மொட்டை மாடியில் உட்கார்ந்தாலே போதும்.

"கொஞ்சம் எடுத்தா என்ன குறைஞ்சிடும்?" என்று சிலர் கேட்கலாம். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீசார் நவி மும்பையில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டுக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். திருடியவன் போய்விடுவான், பதில் சொல்ல வேண்டியவர் சந்தாதாரர்!

சரி, எப்படிப் பூட்டுவது?

1. மேக் எண்: ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் எண் உண்டு. பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் அனுமதிக்கலாம். ஆனால் இந்த எண் காற்றில் மறைக்கப்படாமலே போகிறது. அதைக் கேட்டு இன்னொருவன் தன் கருவியில் போட்டுக்கொள்வான். நம்ம பாஷையில் சொன்னால், ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ்!

2. பொதுச் சாவி: 1997-ல் வந்த டபிள்யு.இ.பி. முறையின் ஓட்டையை 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் காட்டினார்கள். 2004-ல் வந்த டபிள்யு.பி.ஏ.2, 2018-ல் வந்த டபிள்யு.பி.ஏ.3 ஆகியவை பலமானவை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், ஒருவர் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

3. ஆளுக்கொரு சாவி: இதுவே இணைய நிறுவனத்துக்கு ஏற்றது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. ரேடியஸ் சர்வர் சரிபார்த்த பிறகே இணைப்பு கிடைக்கும். யார், எப்போது வந்தார் என்ற பதிவும் இருக்கும். பணம் கட்டாதவரை மட்டும் தனியாக நிறுத்தலாம். சர்வரும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையேல் போலி டவர் வைத்துப் பாஸ்வேர்டைப் பிடுங்கிவிடுவார்கள்.

சாவியைக் காற்றில் அனுப்பாமலே நிரூபிக்கவும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், டெக்ட் தரத்தைச் சேர்ந்தது. டெக்ட் முறையில் நிலையம் ஓர் எண்ணைக் கொடுக்கும். கருவி தன் ரகசியச் சாவியால் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். விடை சரியென்றால்தான் உள்ளே விடும்.

லீவில் ஆன்டெனா மாட்டும் வேலைக்கு உதவியாளாகப் போனேன். ஒரு மாடியில் இருந்த கருவியில், வாங்கும்போது இருந்த 'அட்மின்' பாஸ்வேர்டே இருந்தது. கேட்டதற்குக் கூட வந்த அண்ணன், "மொட்டை மாடிக்கு யாருப்பா வரப்போறா?" என்றார். யாரும் மாடி ஏற வேண்டாம் அண்ணே என்றேன். மாற்றிவிட்டுத்தான் இறங்கினோம்.

நாளை இந்த வேலைக்குப் போகும் நண்பர்களே, நட்டு முடுக்குவதோடு வேலை முடிந்துவிடவில்லை. பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு இறங்குங்கள்!