கடன் கொண்டு போன கால்வாய்



1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், நள்ளிரவு. சூயஸ் கால்வாயிலே கப்பல்களை நடத்தி வந்த அந்நிய நாட்டுப் பைலட்டுகள், பெரும்பாலும் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும், பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வேலையை விட்டு இறங்கினர். கூலி போதவில்லையா? இல்லை, கொழுத்த சம்பளம். வேலை அதிகமா? அதுவும் இல்லை. பின் ஏன் இறங்கினர்? எகிப்தியனுக்குப் பாடம் கற்பிக்க!

வேலை நிறுத்தம் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தன் உரிமைக்காகக் கருவியைக் கீழே வைத்தவனை நீங்கள் அறிவீர்கள். அடுத்தவன் உரிமை பெற்றுவிட்டானே என்ற ஆத்திரத்தில் கருவியைக் கீழே வைத்தவர்களை அன்றுதான் உலகம் பார்த்தது.

பைலட் என்றால் ஆகாய விமானம் ஓட்டுபவன் மட்டுமல்ல. சென்னைத் துறைமுகத்துத் தோழரைக் கேளுங்கள், சொல்வார். துறைமுகமோ கால்வாயோ, அதன் ஆழமும் அகலமும் மணல் திட்டும் அறிந்தவன் கப்பலில் ஏறுவான். பல்லாண்டு கடலில் பழகிய கப்பல் தலைவன்கூட அவன் சொல் கேட்டே நடப்பான். சூயஸ் நூறு மைல் நீளம். அன்று மிகக் குறுகலான பாதை. சக்கரம் சற்றே தவறினால் கப்பல் குறுக்கே நின்றுவிடும். உலக வாணிபமே அதன் பின்னால் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்த பைலட்டுகள் சுமார் இருநூறு பேர். அவர்களில் எகிப்தியர் எத்தனை பேர்? நாற்பது பேர் அளவே.

லண்டனும் பாரிசும் கணக்குப் போட்டன. நாற்பது பேரால் என்ன முடியும்? நாளைக் காலை கால்வாய் அடைபடும், நாசர் நம் காலடிக்கு வருவார் என்று கணக்கிட்டனர். அதோடு விடவில்லை. வழக்கத்தைவிட அதிகமான கப்பல்களை ஒரே நேரத்தில் கால்வாய் வாசலுக்கு வரச்செய்து திணறடிக்கவும் திட்டமிட்டனர்.

விடிந்தது. கப்பல்கள் போயின! மறுநாளும் போயின! எகிப்திய பைலட்டுகள் உறக்கம் மறந்து முறை மாற்றி முறை ஏறினர். கிரேக்க நாட்டுப் பைலட்டுகள் உடன் நின்றனர். யுகோஸ்லாவியாவிலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தனர். கணக்குப் போட்டவர்கள் காகிதத்தைக் கிழித்தெறிய வேண்டியதாயிற்று.

எகிப்தியனுக்கு ஓட்டத் தெரியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அவன் மண்ணில், அவன் பாட்டன் கூடை சுமந்து வெட்டிய கால்வாய், அந்நியன் கைக்குப் போனதுதான் எப்படி?

1859-ல் வெட்டத் தொடங்கி 1869-ல் திறந்தார்கள். திட்டம் தீட்டியவர் பிரெஞ்சுக்காரர் டி லெசெப்ஸ். வெட்டியவன் எகிப்திய உழவன்; முதல் சில ஆண்டுகள் கட்டாய வேலை. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் மாண்டனர் என்று பின்னாளில் நாசர் மேடையிலே சொன்னார். எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர்களிடையே வழக்கு உண்டு. உழவன் மாண்டதைப் பற்றி வழக்கு இல்லை.

பஞ்சாலைத் தோழர்களுக்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அமெரிக்கப் பருத்தி லங்காஷயருக்கு வரவில்லை. நம் திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறிய காலம் அதுதான். எகிப்துப் பருத்திக்கோ பொன் விலை! கெதீவ் என்ற பட்டம் தாங்கி ஆண்ட இஸ்மாயில், அந்த விலை என்றும் நிற்கும் என்று நம்பினார். ரயில் போட்டார், பாலம் கட்டினார், பள்ளியும் திறந்தார், அரண்மனைகளும் எழுப்பினார். போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது. கடன் மட்டும் எழுந்து நின்றது. 1863-ல் அவர் பட்டத்துக்கு வந்தபோது கடன் சுமார் 30 லட்சம் பவுன். 1876-ல் சுமார் 9 கோடி!

1875-ல் கால்வாய்க் கம்பெனியில் எகிப்துக்கு இருந்த பங்குகளை விற்றார். வாங்கியது பிரிட்டிஷ் சர்க்கார். விலை சுமார் 40 லட்சம் பவுன். பிரதமர் டிஸ்ரேலி ராத்சைல்டு வங்கியில் வாங்கிக் கொடுத்த பணம். 1880-ல் கால்வாய் லாபத்தில் எகிப்துக்கு எஞ்சியிருந்த நூற்றுக்குப் பதினைந்து பங்கும் விலைபோயிற்று. 1882-ல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. பங்கு போயிற்று, லாபம் போயிற்று, பிறகு நாடே போயிற்று!

முஸ்லிம் நாடுகள் பின்தங்கியதற்கு அவர்கள் மதமே காரணம் என்று ஐரோப்பாவில் பேனா பிடித்தவர் பலர். மதத்தை விட்டு விலகியதே காரணம் என்று சொல்வோரும் அந்நாடுகளில் உண்டு. இரு சாராரும் இஸ்மாயில் கையெழுத்திட்ட கடன் பத்திரத்தைப் படிக்கவில்லை.

வந்திறங்கிய ஆட்சியின் பெருந்தலைவர் குரோமர் பிரபு. 1883 முதல் 1907 வரை எகிப்தை அவரே ஆட்டிவைத்தார். வரவு செலவைச் சரிப்படுத்தினார், வாய்க்கால்களைச் செப்பனிட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. கடன்காரனுக்கு வட்டி தவறாமல் போக வேண்டுமே! ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் என்றால் கை இறுகிற்று. சர்க்கார் பள்ளிகளில் சம்பளம் வசூலித்தார்கள். படித்தவன் பெருகினால் பேசுவான், பேசுபவன் பெருகினால் ஆட்சி ஆடும் என்ற அச்சம். இந்தியாவில் கல்லூரி திறந்து கண்ட அனுபவம் அது! 1907-ல் மக்கள் தொகைக் கணக்கெடுத்தபோது எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மறு ஆண்டு, 1908-ல், ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. சர்க்கார் கட்டியதன்று, மக்கள் நன்கொடை திரட்டிக் கட்டியது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தான் ஓர் இளைஞன். மேல் எகிப்தில் ஒரு சிற்றூர். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள்; இவன் ஏழாவது. மூன்று வயதளவில் கண்ணோய். நாட்டு வைத்தியம் செய்த கோளாறில் இரு கண்ணும் போயின. கண்ணில்லாப் பிள்ளை குர்ஆன் ஓதிப் பிழைக்கட்டும் என்பதே அங்கு வழக்கம். அவன் அல் அஸ்ஹர் சென்றான். ஆயிரம் ஆண்டுப் புகழ் வாய்ந்த கல்விக்கூடம் அது. அங்கே கேள்வி கேட்டான். கேள்வி பிடிக்கவில்லை ஆசான்களுக்கு. புதிய பல்கலைக்கழகம் வந்தான். 1914-ல் அது வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அவனுக்கு. பிறகு பாரிஸ், அங்கும் ஒரு டாக்டர் பட்டம்!

தாஹா உசேன் என்பது அவர் பெயர். பழைய அரபுக் கவிதைகள் எல்லாம் பழையவைதாமா என்று 1926-ல் ஆராய்ந்து எழுதினார்; புயல் கிளம்பிற்று, வழக்கும் வந்தது. தளரவில்லை. அவரிடம் பயின்ற சுஹைர் அல் கலமாவி என்ற பெண்மணி 1941-ல் அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1950-ல் தாஹா உசேன் கல்வி அமைச்சரானார். நீரைப் போல், காற்றைப் போல் கல்வியும் யாவர்க்கும் வேண்டும் என்பது அவர் கொள்கை. உயர்நிலைப் பள்ளிச் சம்பளத்தை ஒழித்தார். பார்வை இழந்தவர்தான் ஒரு நாட்டுப் பிள்ளைகளின் கண்ணைத் திறந்துவிட்டார்!

1952-ல் மன்னராட்சி வீழ்ந்தது. தபால் குமாஸ்தாவின் மகன் நாசர் தலைமைக்கு வந்தார். நைல் நதிக்கு அஸ்வானில் பேரணை கட்ட அமெரிக்காவும் பிரிட்டனும் உலக வங்கியும் பணம் தருவதாகச் சொல்லியிருந்தன. 1956 ஜூலை 19-ல் அமெரிக்கா கையை விரித்தது, மற்றவர்களும் பின்வாங்கினர். ஏழே நாளில், ஜூலை 26 அன்று, அலெக்சாந்திரியா சதுக்கத்தில் நாசர் பேசினார். பேச்சுக்கு நடுவே டி லெசெப்ஸ் பெயரை மறுபடி மறுபடி சொன்னார். கூட்டத்தினர் வரலாறு சொல்கிறார் என்றே எண்ணினர். வானொலி முன் காத்திருந்த ஒரு குழுவுக்கோ அது அடையாளச் சொல்! சொல் காதில் விழுந்ததும் கம்பெனி அலுவலகங்களில் நுழைந்தார்கள். அக்குழுவின் தலைவர் மஹ்மூத் யூனிஸ், ஒரு எஞ்சினியர். கால்வாய் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி பவுன் ஈட்டுகிறது, எகிப்துக்குக் கிடைப்பதோ பத்து லட்சம் என்று நாசர் அன்று கணக்குக் காட்டினார். பங்குக்காரர்களுக்கு நட்டஈடு தருவோம் என்றார். தந்தும் முடித்தார்கள்.

அதன் பிறகுதான் செப்டம்பர் 14. கண்டோம், கப்பல்கள் போயின. சமரசத்துக்கு லண்டனில் கூடிய மாநாட்டில் இந்தியாவின் வி. கே. கிருஷ்ணமேனன் எகிப்தின் உரிமையை ஒப்பி ஒரு வழி சொன்னார். பெரும்பான்மை நாடுகள் ஏற்கவில்லை. அக்டோபர் 29-ல் இஸ்ரேல் பாய்ந்தது. அடுத்து பிரிட்டனும் பிரான்சும் குண்டு வீசின. அமெரிக்காவும் சோவியத் நாடும் அதிசயமாக ஒரே பக்கம் நின்றன. டிசம்பருக்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பலேறின. அணையோ சோவியத் உதவியோடு 1960-ல் தொடங்கி 1970-ல் நிறைவெய்தியது. அந்த நீரில் நூபியரின் ஊர்கள் மூழ்கின; அவர்கள் கண்ணீருக்கு அன்று மேடை கிடைக்கவில்லை.

இத்தோடு நிறுத்தி வாழ்த்துப் பாடினால் கூட்டத்தில் கைதட்டல் விழும். ஆனால் கதை அங்கே முடியவில்லையே!

1962-ல் பல்கலைக்கழகமும் இலவசமாயிற்று. அல் அஸ்ஹரிலும் 1961-ல் மருத்துவம், பொறியியல் பாடங்கள் நுழைந்தன. பட்டம் பெற்றவனுக்கெல்லாம் சர்க்கார் வேலை உறுதி என்றார்கள். நல்ல உறுதிதான்! ஆலைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. அலுவலகத்து நாற்காலிகள் பெருகின. பிறகு நாற்காலியும் போதாமல் வேலைக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும் வரிசை நீண்டது. வகுப்பில் பிள்ளைகள் பிதுங்கினர். ஆசிரியர் சம்பளம் தேய்ந்தது. இலவசப் பள்ளியின் வாசலுக்கு எதிரே டியூஷன் கடை முளைத்தது. ஏழையின் பிள்ளை, இலவசக் கல்விக்குக் காசு கொடுத்துப் படித்தது! இன்னொன்றும் நடந்தது. நாசரை எதிர்த்துப் பேசியவர் சிறைக்குப் போயினர்: கம்யூனிஸ்டும் போனார், மதவாதியும் போனார். கேள்வி கேட்டு உயர்ந்த தாஹா உசேனின் நாட்டில் கேள்விக்குக் காவல் போட்டார்கள். குரோமர் அஞ்சியதும் அந்தக் கேள்விக்குத்தானே!

அகமது செவைல் என்ற இளைஞர் அலெக்சாந்திரியாவில் படித்தார். மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார், கலிபோர்னியாவில் ஆராய்ந்தார். 1999-ல் வேதியியலுக்கு நோபல் பரிசு. அவர் தாய்நாட்டில் கட்ட நினைத்த அறிவியல் நகருக்கு 2000-ல் அடிக்கல் நாட்டினார்கள். கல் நாட்டியதோடு வேலை நின்றது. 2011 மக்கள் எழுச்சிக்குப் பிறகே மீண்டும் உயிர் பெற்றது.

கடன் என்னவாயிற்று? 1967 போரில் கால்வாய் மூடி, எட்டாண்டு கழித்து 1975-ல் திறந்தது. 1977 ஜனவரியில் கடன் கொடுப்போர் யோசனைப்படி உணவு மானியத்தை வெட்டினார் சாதத். தெருவெல்லாம் தீ, வெட்டியதை அவரே திரும்ப ஒட்டினார். குவைத்துப் போரில் எகிப்து அமெரிக்கப் பக்கம் படை அனுப்பியது. 1991-ல் மேலை நாடுகள் தமக்கு வரவேண்டிய கடனில் பாதியைத் தள்ளுபடி செய்தன. சிப்பாய்க்குப் போட்ட விலை என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம். 2014-ல் கால்வாய்க்குப் புதுத் தடம் வெட்டத் தொடங்கியபோது மட்டும் வெளியே கை நீட்டவில்லை. எகிப்திய மக்களே பத்திரம் வாங்கி 6,400 கோடி எகிப்துப் பவுன் கொட்டினர். எட்டே நாளில்!

2024-ல் வெளிநாட்டுக் கடன் 15,000 கோடி டாலருக்கு மேல். சர்வதேச நிதி நிறுவனம் 800 கோடி டாலர் கடனுக்கு இசைந்தது. உடனே நாணயம் சரிந்தது. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்குப் பதினாறு பவுன். 2024 மார்ச்சில் ஐம்பதை ஒட்டி! அந்த ஜூனில் மானிய ரொட்டி ஒன்று ஐந்து பியாஸ்தரிலிருந்து இருபது பியாஸ்தராயிற்று. முப்பதாண்டுக்கு மேலாகத் தொடாத விலை. ரோமாபுரிக்கே களஞ்சியமாக இருந்த நைல் நாடு, ரஷ்யக் கோதுமையும் உக்ரைன் கோதுமையும் வாங்கித் தின்கிறது.

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு என்று ஒன்று 1969-ல் பிறந்தது, 57 நாடுகள். ஒரே மார்க்கம், ஒரே தொழுகைத் திசை. ஆனால் 2024 பிப்ரவரியில் எகிப்துக்குப் பணம் தேவைப்பட்டபோது அபுதாபி வந்து வியாபாரம் பேசியது. மத்தியதரைக் கடலோரம் ராஸ் எல் ஹெக்மா என்ற பரந்த நிலம். ஒப்பந்தம் 3,500 கோடி டாலர். அண்ணன் தம்பி உறவெல்லாம் வாசலில். உள்ளே கிரயப் பத்திரம்! ஐரோப்பியன் வாங்கினால் ஏகாதிபத்தியம், உடன்பிறந்தான் வாங்கினால் முதலீடு. அகராதியில் இரண்டு சொல் இருப்பது எவ்வளவு வசதி!

காஸாவில் 2023 அக்டோபரில் மூண்ட போரைச் சொல்லி ஏமனின் ஹூதி படையினர் அந்த நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்களைத் தாக்கினர். பெருங்கம்பெனிகள் பயந்து ஆப்பிரிக்காவைச் சுற்றின. நன்னம்பிக்கை முனை வழி, 1869-க்கு முந்திய பழைய வழி! போரில் எகிப்து ஒரு குண்டும் சுடவில்லை. ஆனாலும் கால்வாய் வருமானம் 2023-ல் 1,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் சுமார் 400 கோடியாக விழுந்தது. வட்டிக்காரன் தவணை நாள் மட்டும் மாறவில்லை. 1956-ல் கப்பல்கள் வாசலில் குவிந்தன, ஓட்ட ஆள் உண்டா என்று கேட்டார்கள். 2024-ல் ஓட்டத் தெரிந்த பைலட்டுகள் கரையில் ஆயத்தமாக நின்றனர், கப்பல்தான் வரவில்லை.