பாதிக் கையெழுத்து

ஐந்து ஆண்டுகள் ஊராட்சித் தலைவராக இருந்த ஓர் அம்மாவைப் போன மாதம் பார்க்கப் போயிருந்தோம். பதவிக்காலம் முடிந்து இப்போது அதே ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் போகிறார். வாய்க்கால் வேலை முடித்து வந்து, கைகால் கழுவிவிட்டு, திண்ணையில் எங்களோடு உட்கார்ந்தார். ஊர்ப்பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "இன்னமும் இங்கதான தம்பி பொழைக்கணும்."

பதவியில் என்ன சிரமப்பட்டீர்கள் என்று கேட்டோம். நாற்காலி தரவில்லை, தரையில் உட்காரவைத்தார்கள் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தோம். "நாற்காலி எல்லாம் நல்லாத்தான் போட்டாங்க" என்றார். பிறகு ஒரு மோட்டார் கதையைச் சொன்னார்.

சித்திரை மாதம். காலனி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. கழற்றிக் கொண்டுபோனால் ஒரே நாளில் காயில் கட்டிவிடலாம். ஆனால் கடைக்காரர், பழைய பாக்கியைத் தந்தால்தான் அடுத்த வேலை என்றார். பாக்கிக்கான பில் தயாராக இருந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். துணைத் தலைவர் போடவில்லை. ஆள் அனுப்பினால் வெளியூர் போயிருக்கிறார் என்று பதில் வரும். மறுநாள் போனால் தூங்குகிறார். அதற்கும் மறுநாள், பில்லில் ஏதோ சந்தேகம். இப்படிப் பதினேழு நாள். அத்தனை நாளும் காலனிப் பெண்கள் ஊர்த்தெருக் குழாய்க்குக் குடம் தூக்கினார்கள். அங்கே எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் முறை. கடைசியில் இந்த அம்மா காதுத்தோட்டை அடகு வைத்துக் கடைக்காரருக்குப் பணம் கொடுத்தார்.

"எல்லாரும் என்னைத்தான் ஏசினாங்க. ஒரு மோட்டாரு போட வக்கில்ல, இவல்லாம் தலைவரான்னு. கையெழுத்துப் போடாதவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விவரம் தெரிய வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராம ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவரே பணத்தைக் கையாளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, தன்னளவில் தவறில்லை. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு இடஒதுக்கீடு இல்லை. தலைவர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் ஆதிக்கச் சாதி என்ன செய்யும்? துணைத் தலைவர் பதவியைப் பிடிக்கும். பேனா இவர் கையில், மூடி அவர் கையில்.

இப்போது எல்லாம் கணினி வழிதானே என்று கேட்கலாம். நாங்களும் கேட்டோம். "பென்டிரைவ் மாதிரி ஒண்ணு குடுத்தாங்க. அதுலதான் என் கையெழுத்து இருக்குதாம். அது எப்பவும் கிளார்க்குகிட்டதான் இருக்கும்" என்றார்.

தமிழ்நாட்டின் 12,500க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு முதலில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. 2016இல் அது பாதியானது. பட்டியல் சாதியினருக்கான இடங்களிலும் பாதி பெண்களுக்கு. 2019 டிசம்பர் தேர்தலில் அப்படித்தான் ஏராளமான கூலித் தொழிலாளிப் பெண்கள் தலைவர்களாக வந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது அடுத்த ஆண்டே வெளியில் தெரிந்தது. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைச் சுதந்திர தினக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவிய பிறகு, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரே வந்து அவரைக் கொடியேற்றவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2022இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று.

படம் எடுக்க முடிந்ததால் இவை வெளியே வந்தன. போடாத கையெழுத்தை யார் படம் எடுப்பது?

அதிகாரத்தை மெய்யாகவே பயன்படுத்தப் பார்த்தவர்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. அருந்ததியர் பெண். 2011 ஜூனில் இரவில் ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவரை வழிமறித்து வெட்டினார்கள். ஆக்கிரமிப்பில் இருந்த இடத்தில் பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முனைந்தது பகைக்கு முக்கியக் காரணம். உடம்பெல்லாம் வெட்டுக் காயங்களோடு பிழைத்தார். வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2024இல், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. ஒரு கழிப்பறைக்கு!

இதுவரை ஊர்த்தெருவைப் பற்றி எழுதினோம். நம் தெருவையும் எழுத வேண்டும்.

"மொத ஆறு மாசம் எங்க வீட்டுக்காரருதான் தலைவரு" என்று சிரித்தார் அந்த அம்மா. கிளார்க் போன் செய்வது அவருக்கு. ஒன்றிய அலுவலகத்துக் கூட்டத்துக்குப் போவது அவர். வண்டியில் 'ஊராட்சித் தலைவர்' என்று எழுதி ஓட்டியதும் அவர்தான். மோட்டார் விவகாரத்தில் துணைத் தலைவர் வீட்டு வாசலில் போய் உட்காரப் போகிறேன் என்று இந்த அம்மா கிளம்பியபோது, பொம்பள அங்க போய் நின்னா மானம் போயிடும் என்று தடுத்ததும் அவரே. உறவுக்காரர்களும் அவரைத்தான் ஆதரித்தார்கள்.

எங்களுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. 2020 தொடக்கத்தில், வெற்றி பெற்ற தலித் தலைவர்களுக்கு நாங்களே ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினோம். மேடையில் ஏறிச் சால்வை வாங்கியவர்களில் பாதிப் பேர் கணவர்கள். தேர்தலில் வென்ற பெண்கள் கீழே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. தமிழ் படித்தவர்கள்தாம் நாங்கள். பெண் என்பதால் சுவரொட்டியில் 'தலைவி' என்று வேறு அச்சடித்திருந்தோம். அகப்பாடலில் தலைவி காத்திருப்பவள். நாங்களும் காக்கத்தான் வைத்தோம்.

சட்டம் கையில் இருக்கிறது, அதை மாணவர்கள் படித்துவைத்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3(1)(எம்) பிரிவு, தலித் அல்லது பழங்குடித் தலைவரையோ உறுப்பினரையோ மிரட்டியோ தடுத்தோ அவர்களது கடமையைச் செய்யவிடாமல் ஆக்குவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. துணைத் தலைவர் வேண்டுமென்றே கையெழுத்தை முடக்கினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். எழுத்தில் கொடுக்க வேண்டும், எந்த பில், எந்தத் தேதி என்று குறிப்பிட வேண்டும். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்க வேண்டும். வாய்ச் சொல்லாகச் சொன்னதற்கு எந்த அலுவலகத்திலும் தடயம் இருக்காது. ஊரில் படித்த பெண்கள் இரண்டு பேர் ஒரு தலைவரோடு தொடர்ந்து நின்றால், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னால், அதுவே அவருக்குப் பெரிய துணை.

28 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. மோட்டாருக்குச் செலவழித்த பணம் வந்ததா என்று அந்த அம்மாவைக் கேட்டோம். வரவில்லை. தோடு மூழ்கிவிட்டது. தனி அலுவலரிடம் மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். ரசீது வாங்கினீர்களா என்று, எல்லோரிடமும் கேட்பது போலக் கேட்டோம்.

எழுந்து உள்ளே போனார். ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் பையோடு வந்தார். கடைக்காரர் பில், அடகுச் சீட்டு, மனுவின் நகல், முத்திரை போட்ட ரசீது. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தேதி எழுதியிருந்தது. யார் எழுதியது என்றோம்.

"நான்தான். கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சு உள்ள போனேன். மீதி எழுத்த அங்க இருந்துதான் கத்துக்கிட்டேன்" என்றவர், நகலை எங்களிடம் நீட்டினார். "இதுல தப்பு ஏதாச்சும் இருக்கா பாருங்க தம்பி. திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்குப் போறேன்."