ஏழாண்டு கடந்தால் எவர் பொறுப்பு?

சொற்ப விலையுள்ள ஓர் உறுப்பு எத்தனை பெரிய விபரீதத்துக்குக் காரணமாகும் என்பதை அறிய விரும்புகிறவர்கள், அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு வெடித்த இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். அந்நாட்டின் பெரிய கார் ஸ்தாபனம் ஒன்று, தான் விற்ற சிறிய ரகக் கார்களில் ஏறத்தாழ 26 லட்சத்தை அவ்வாண்டு திரும்ப அழைத்தது. குற்றம் எஞ்சினிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை. சாவி நுழையும் துவாரத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு ஸ்பிரிங்கிலும் அதனோடு சேர்ந்த முளையிலும் இருந்தது. அதைச் சரிசெய்யும் உறுப்பின் விலை 57 சென்ட் என்று அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்டது.

சாவி ஒரு நிலையில் இருந்தால் எஞ்சின் ஓடும். ஒரு படி பின்னுக்கு வந்தால் ரேடியோ மட்டும் பாடும். சாவியை அதனதன் நிலையில் பிடித்து நிறுத்துவது அந்த முளையின் வேலை. முளை சற்றுக் குட்டையாகவும் ஸ்பிரிங் சற்றுத் தளர்வாகவும் அமைந்துவிட்டபடியால், வீட்டுச் சாவியும் அலுவலகச் சாவியும் கோத்த கனத்த கொத்தின் பாரமோ, சாலைப் பள்ளத்தின் குலுக்கலோ, ஓட்டுகிறவரின் முழங்கால் தற்செயலாக இடித்ததோ போதுமானதாயிற்று. சாவி தானாகவே பின்வாங்கியது. விரைந்து போய்க்கொண்டிருக்கும் வண்டியில் எஞ்சின் நின்று, ஸ்டீயரிங் திருப்ப மாட்டாமல் கனத்து, பிரேக்கும் இறுகி, இத்தனைக்கும் மேலாக, மோதலின்போது விரிந்து உயிர்காக்க வேண்டிய ஏர்பேக்கும் செயலற்று மடங்கியபடியே கிடந்தது. முடிவில் 124 மரணங்களுக்கு நஷ்டஈடு வழங்க நேர்ந்தது.

குறை வெளியே தெரிந்தது 2014-இல் என்றாலும், உள்ளே அது பல்லாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஓடும்போது வண்டி நின்றுவிடுகிறது என்று முறையிட வருகிறவர்களிடம் சாவிக்கொத்தின் கனத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும்படி 2005-இலேயே டீலர்களுக்குக் குறிப்பு அனுப்பப்பட்டிருந்தது. ஸ்விட்சையே மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் இல்லாமல் போகவில்லை. வியாபார நோக்கில் கட்டாது என்ற ஒரே காரணத்தால் அந்த யோசனைகள் கோப்போடு நின்றன. பிறகு 2006-இல், முளையைச் சிறிது நீட்டிய புதிய ஸ்விட்சுக்குச் சந்தடியின்றி ஒப்புதல் கிடைத்தது. ஆனால் உறுப்பின் எண் மட்டும் பழைய எண்ணாகவே வைக்கப்பட்டது. எண் மாறாதபடியால், பிற்காலத்துக் கார்களில் இவ்விபத்துகள் ஏன் குறைந்தன என்று ஆராய முற்பட்டவர்களுக்கு வெகு காலம்வரை விடை அகப்படவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் விபத்தில் இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் ஒருவர், அவளுடைய காரின் ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்சையும் அருகருகே வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான், ஒரே எண் பொறித்த இரண்டு உறுப்புகளில் முளையின் நீளம் வேறு வேறாக இருப்பது அம்பலமாயிற்று.

இதில் மிச்சமான பணம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதும் உசிதமே. 57 சென்ட் வீதம் 26 லட்சம் கார்களுக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். 2015-இல் அந்த ஸ்தாபனம் அரசாங்கத்துக்குக் கட்ட ஒப்புக்கொண்ட தொகை மட்டும் 90 கோடி டாலர், அதாவது அறுநூறு மடங்கு. கடன் இத்தனை வட்டியோடு திரும்பி வரும் என்று அறிந்திருந்தால் எந்தக் கணக்கப்பிள்ளையும் அந்தச் சிக்கனத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டான்.

வயதோடு முற்றும் குறை

ஸ்விட்சின் குறை பிறவியிலேயே இருந்தது. ஏர்பேக்கின் கதையோ அதனினும் கவலை தருவது. மோதல் நேர்ந்த கணத்திலேயே பையை ஊதச் செய்யும் வாயுவைப் பிறப்பிப்பது இன்ஃப்ளேட்டர் என்னும் சிறிய உலோகக் கூடு. உலகத்துப் பெரிய கார் கம்பெனிகள் பலவற்றுக்கும் அதைச் செய்து கொடுத்த ஜப்பானிய ஸ்தாபனம் ஒன்று, 2000-ஆம் ஆண்டை ஒட்டி, அதுவரை உபயோகித்த விலையுயர்ந்த ரசாயனத்தைக் கைவிட்டு, மலிவாகக் கிடைக்கும் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறியது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை அறியாத வீடு நம் ஊரில் இராது. அம்மோனியம் நைட்ரேட்டும் ஈரத்துக்கு அப்படியே இளகும் சுபாவம் உடையது. பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் காற்றின் ஈரமும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறித் தாக்க, மருந்து பதம் கெட்டு, எரிய வேண்டிய வேகத்தைவிடப் பன்மடங்கு உக்கிரமாக எரிந்து, உலோகக் கூட்டையே சிதறடித்து, காக்க வேண்டிய பைக்குள்ளிருந்து இரும்புத் துண்டுகளை ஓட்டுகிறவரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சியது. அமெரிக்காவில் மாத்திரம் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஸ்தாபனம் 2017 ஜூனில் திவாலாயிற்று.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இக்குறை புதிய காரில் தலைகாட்டுவதில்லை. கார் பழகப் பழகத்தான் அபாயம் முற்றுகிறது. 2001 முதல் 2003 வரையில் தயாரான சில மாடல்களின் இன்ஃப்ளேட்டர்களைப் பிற்காலத்தில் சோதித்தபோது, மோதலில் அவை வெடிப்பதற்கான வாய்ப்பு ஐம்பது சதவீதம் வரைக்கும் இருப்பதாகத் தெரிந்தது. மரணங்கள் மிகுதியாக நிகழ்ந்த பிரதேசங்களும் ஃப்ளோரிடா, மலேசியா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்தவையே. சென்னையிலும் தூத்துக்குடியிலும் வசிப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

சட்டம் போட்ட கோடு

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பழுதான வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி தயாரிப்பாளர்களை நிர்ப்பந்திக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதன்படி வகுத்த விதிகள் 2021 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தன. தவறினால் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. மெச்சத்தக்க ஏற்பாடுதான், ஆனால் இக்கட்டாயம் ஏழாண்டுக்கு உட்பட்ட வாகனங்களோடு நின்றுவிடுகிறது. காலத்தால் முற்றும் குறைக்கு, காலத்தையே காரணங்காட்டி விலக்கு அளிப்பது என்ன நியாயம்? ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் நம் நாட்டில் கட்டாயமானது 2019 ஜூலையில். அந்த முதல் தலைமுறைக் கார்கள் ஏழாண்டை எட்டும் வருஷம் 2026.

எட்டாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அந்தக் கார் யார் கையில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய சீமான் மூன்றாம் வருஷம் அதை விற்றுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். அவரிடமிருந்து வாங்கியவரும் விற்றிருப்பார். மூன்றாவதாக, சீட்டுப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்து, பிள்ளைகள் மழையில் நனையாமல் பள்ளிக்கூடம் போகட்டும் என்று வாங்குகிற குடும்பஸ்தரிடம் அது வந்து சேர்ந்திருக்கும். கம்பெனி அனுப்பும் கடிதமோ முதல் உரிமையாளரின் பழைய முகவரியைத் தேடிப் போகும். குறுஞ்செய்தி அவர் என்றோ கைவிட்ட செல்பேசி எண்ணுக்குப் போகும். அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் மேலானதல்ல. திரும்ப அழைக்கப்பட்ட காரைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடுவதைத் தடுக்க 2015-இல் சட்டம் செய்தவர்கள், அதே காரைச் சரிசெய்யாமல் செகண்ட் ஹேண்டாக விற்பதைத் தேசம் முழுவதற்குமாகத் தடுக்கத் துணியவில்லை. மலிவான உறுப்பால் கிடைத்த லாபம் முதலில் போய்ச் சேருமிடம் ஒன்று. அதன் அபாயம் கடைசியில் வந்து இறங்குமிடம் வேறு.

ஒவ்வோர் உறுப்பிலும் காசை மிச்சம் பிடித்ததால்தான் மத்தியதர வகுப்பாரின் வாசலுக்குக் கார் வந்தது என்றும், தானே முன்வந்து அழைக்கிற கம்பெனியைப் பழிப்பது தகாது என்றும் வாதிப்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

எனினும் பரிகாரம் கைக்கெட்டாத தூரத்தில் இல்லை. பழைய காரை வாங்குகிறவர் பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறார், டயரை அழுத்திப் பார்க்கிறார், ஏ.சி. குளிர்கிறதா என்று கை நீட்டிப் பார்க்கிறார். புரோக்கரோ பெயர் மாற்றத்துக்காக 29, 30-ஆம் எண் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, சேஸிஸ் எண்ணின்மேல் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கிறார். அந்தப் பதினேழு எழுத்தும் எண்ணும் இருந்தால், அக்காருக்கு நிலுவையில் உள்ள அழைப்பு ஏதேனும் உண்டா என்பதை ஷோரூமில் சில நிமிஷங்களில் சொல்லிவிடலாம். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் இல்லாமல் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற மறுக்கும் சட்டம், நிலுவை அழைப்பைச் சரிசெய்த அத்தாட்சியையும் அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டும். ஏழாண்டு என்ற கோட்டையும் அழித்துவிட்டு, கார் சாலையில் ஓடும் காலம் வரைக்கும் அதைச் செய்தவனே அதற்குப் பொறுப்பு என்று எழுத வேண்டும். இவை இரண்டும் செய்யப்படும்வரை, பழைய கார் வாங்குகிறவர்கள் பேரத்தை முடிக்குமுன் அந்தப் பென்சில் பிரதியோடு ஷோரூமுக்கு ஒரு நடை போய்வருவதே விவேகம்.