பறக்கத் துணிந்த தறித்தொழிலாளி
(மாலேகான் சூப்பர்மேன் உருவான வரலாறு)

திரைப்படம் என்றவுடன் நம் நினைவில் எழுவன பெரும் முதலீடும் புகழ்பெற்ற நடிகர்களும் ஆவர். இவ்விரண்டும் இன்றி, ஒரு நெசவாளர் ஊரின் எளிய மக்கள் கூடி ஒரு வீரசாகச நகைச்சுவைப் படத்தை உருவாக்கிய வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

ஊரும் கலைஞரும்

மகாராட்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் மோசம் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது மாலேகான். இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரின் உயிர்நாடி விசைத்தறியாகும். செல்லூரின் தறியோசை கேட்டு வளர்ந்த மதுரை மக்களுக்கு இவ்வூர் அந்நியமாகத் தோன்றாது. 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளால் நாளிதழ்களில் துயரத்தோடு பேசப்பட்ட அவ்வூருக்கு மற்றொரு முகமும் உண்டு. தறிகள் ஓயும் வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர்கள் திரைப்படம் காணத் திரள்வர். அவர்களுக்காகவே படம் எடுத்தவர், வீடியோ அரங்கு நடத்திவந்த நாசிர் ஷேக். 2000ஆம் ஆண்டில் 'ஷோலே'யைப் பகடி செய்து அவர் எடுத்த 'மாலேகான் கே ஷோலே' ஊரையே சிரிக்க வைத்தது. 2010இல் வெளிவந்த 'தமிழ்ப் படம்' கண்டவர்கள் பகடியின் சுவையை அறிவர். நன்கு அறிந்த ஒன்றைச் சற்றே கோணலாகக் காட்டும்போது சிரிப்புப் பிறக்கிறது.

கருவிகளும் கைவினையும்

நாசிர் பின்னர்த் தேர்ந்தது, 1938இல் ஜெரி சீகல், ஜோ சூஸ்டர் ஆகிய இரு இளைஞர்கள் உலகிற்கு அளித்த சூப்பர்மேன். மலைபோன்ற உடல் கொண்ட அவ்வீரனாக நடிக்க வந்தவரோ மெலிந்த தேகமுடைய விசைத்தறித் தொழிலாளி ஷஃபீக் ஷேக்! கதை எழுதியவர் ஃபரோக் ஜாஃப்ரி. வில்லனாக நடித்தவர் அக்ரம் கான்.

வீரன் வானில் பறக்க வேண்டுமே! அதற்குக் கைகொடுத்தது பச்சைத் துணி. பச்சைத் திரையின் முன் நடிகரைப் படம்பிடித்தால், கணிப்பொறி அப்பச்சை நிறத்தை மட்டும் நீக்கிவிடும். அவ்விடத்தில் வானத்தையோ நகரத்தையோ பொருத்தலாம். மனிதரின் தோல் நிறத்தோடு பச்சை எளிதில் கலப்பதில்லை. அதனாலேயே அந்நிறத்தைத் தேர்கின்றனர். பெரிய படப்பிடிப்பு நிலையங்களில் கையாளப்பெறும் இம்முறையை இவர்கள் திறந்தவெளியில் செய்து பார்த்தனர். கேமராவை நகர்த்த மிதிவண்டியும் உயர்த்த மாட்டுவண்டியும் இவர்களுக்குப் பயன்பட்டன.

இடையூறுகளும் குறைவில்லை. கேமரா நீரில் விழுந்து படப்பிடிப்பு தடைப்பட்டது. இடையில் கதாநாயகனுக்கே திருமணம் நடந்தது. உள்ளூர்ப் பெண்கள் நடிக்க முன்வராமையால் நடிகையரை வெளியூரிலிருந்து அழைத்துவர நேர்ந்தது. இம்முயற்சிகளை உடனிருந்து பதிவுசெய்த ஃபைஸா அகமது கானின் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்' (2008) என்னும் ஆவணப்படம் உலக விழாக்களில் பாராட்டுப் பெற்றது. ரீமா காக்தி இயக்கத்தில், வருண் குரோவரின் எழுத்தில், இவ்வரலாறு 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' என்னும் கதைப்படமாகி 2025இல் திரையரங்குகளில் வெளியாயிற்று.

சிரிப்பின் அடியில்

இச்சூப்பர்மேன் யாரை எதிர்த்துப் போரிடுகிறான்? ஊரைப் புகையிலைக்கு அடிமையாக்கும் கயவர்களை. வில்லன் தூய்மையை வெறுத்து அழுக்கை நேசிப்பவன். நகைச்சுவை என்னும் இனிப்புக்குள் சமூக மருந்தை வைத்துத் தந்தனர். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் செய்யும் பணியும் இதுவன்றோ?

ஆயின் வாழ்வு கதையினும் கொடிதாயிற்று. திரையில் புகையிலையை எதிர்த்த ஷஃபீக், 2011இல் வாய்ப்புற்றுநோயால் இறையடி சேர்ந்தார். குட்காப் பழக்கம் அவரையும் விட்டுவைக்கவில்லை. மக்களைக் காக்கப் பறந்த வீரனைக் காக்க எவரும் பறந்து வரவில்லை. இதனை எண்ணும்போது, அப்படத்தைக் கண்டு சிரித்த நம் உதடுகள் தாமே மூடிக்கொள்கின்றன.

மாணவர்களே! வசதியின்மை கலைக்குத் தடையன்று என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம். நாம் உரைக்கும் நல்லுரையை முதலில் நம் வாழ்வில் ஏற்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். முதற்பாடத்தைப் படைத்துக் காட்டியவர்கள் நாசிரும் அவர்தம் நண்பர்களும். இரண்டாவதை நமக்குக் கற்பிக்க ஷஃபீக் தந்த விலை மிகப் பெரிது.