இந்திய-இங்கிலாந்து சென்னை டெஸ்ட், 1952

1952 சென்னை டெஸ்ட் என்பது இந்தியத் துடுப்பாட்ட அணிக்கும் இங்கிலாந்து அணிக்கும் இடையே 1952 பெப்ரவரி 6 முதல் 10 வரை சென்னை (அன்றைய மதராஸ்) சேப்பாக்கம் மைதானத்தில் நடைபெற்ற தேர்வுத் துடுப்பாட்டப் போட்டி ஆகும். இதில் இந்தியா ஒரு இன்னிங்ஸ் மற்றும் 8 ஓட்டங்கள் வேறுபாட்டில் வெற்றி பெற்றது. டெஸ்ட் போட்டிகளில் இந்தியா பெற்ற முதல் வெற்றி இதுவே. 1932 ஆம் ஆண்டில் லார்ட்ஸ் மைதானத்தில் தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடிய இந்தியாவுக்கு இது 25வது போட்டி. முந்தைய 24 போட்டிகளில் 12 தோல்விகளும் 12 வெற்றி தோல்வியற்ற முடிவுகளுமே கிடைத்திருந்தன.

பின்னணி

இந்தியாவில் துடுப்பாட்டம் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. எனவே இங்கிலாந்தே இந்தியாவின் மிகப் பழைய எதிரணி. 1932 முதல் 1946 வரை இந்தியா ஆடிய 10 டெஸ்ட் போட்டிகளும் இங்கிலாந்துக்கு எதிரானவையே. அவற்றில் ஆறில் இந்தியா தோற்றது.

சென்னையில் இப்போட்டியுணர்வுக்கு உள்ளூர் வரலாறும் உண்டு. சேப்பாக்கம் மைதானம் ஆங்கிலேயர்களின் மதராஸ் கிரிக்கெட் கழகத்தின் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் அங்கு ஆட வரும் இந்தியர்கள் ஆட்ட அரங்கினுள் அனுமதிக்கப்படாமல் மரத்தடியில் அமர்ந்து உணவருந்த நேர்ந்தது என்றும், அதனைப் பொறுக்காத புச்சி பாபு நாயுடு இந்தியர்களுக்கெனத் தனிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார் என்றும் கூறப்படுகிறது. அவர் 1888 இல் தொடங்கிய மதராஸ் யுனைடெட் கழகம் இந்தியர்கள் முறையாகப் பயிற்சி பெற வழி செய்தது. பின்னர் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடந்த மதராஸ் மாகாணப் போட்டி நகரின் பெரும் விழாவாக விளங்கியது.

ஆனால் டெஸ்ட் போட்டிகளில் சேப்பாக்கம் இந்தியாவுக்கு ராசியான இடமாக இருக்கவில்லை. 1934 பெப்ரவரியில் இங்கு நடந்த முதலாவது டெஸ்டில் அமர் சிங் முதல் இன்னிங்சில் 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தும், இங்கிலாந்தின் எட்லி வெரிட்டி போட்டியில் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, இந்தியா 202 ஓட்டங்களால் தோற்றது. 1949 சனவரியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் ஒரு இன்னிங்ஸ் மற்றும் 193 ஓட்டங்களால் தோற்றது. அதற்கடுத்து மும்பையில் நடந்த டெஸ்டில் 361 ஓட்டங்கள் என்ற இலக்கைத் துரத்திய இந்தியா, ஆட்ட நேரம் முடிந்தபோது 8 விக்கெட்டுகளுக்கு 355 ஓட்டங்களில் நின்றது. வெற்றிக்கு 6 ஓட்டங்களே குறைவு. முதல் வெற்றி எவ்வளவு அருகில் வந்து நழுவியது என்பதற்கு இது ஒரு சான்று.

1951-52 தொடர்

நைஜல் ஹோவர்டு தலைமையில் வந்த இங்கிலாந்து அணி ஐந்து டெஸ்ட் போட்டிகளில் ஆடியது. தில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய இடங்களில் நடந்த முதல் மூன்று போட்டிகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. இந்திய அணித் தலைவர் விஜய் ஹசாரே தில்லியில் ஆட்டமிழக்காமல் 164, மும்பையில் 155 ஓட்டங்கள் எடுத்தார். கான்பூரில் நடந்த நான்காவது போட்டியில் ரோய் டாட்டர்சால், மால்கம் இல்டன் என்ற இரு சுழற்பந்து வீச்சாளர்கள் இந்தியாவைச் சுருட்ட, இங்கிலாந்து 8 விக்கெட்டுகளால் வென்றது. சென்னையில் தோற்காதிருந்தாலே தொடர் இங்கிலாந்துக்கு என்ற நிலை உருவாகியது. இந்தியா தொடரைச் சமன் செய்ய வேண்டுமாயின், இருபது ஆண்டுகளாக ஒருமுறையும் செய்யாத ஒன்றைச் செய்தாக வேண்டும்.

அணிகள்

ஹோவர்டு நுரையீரல் உறை அழற்சியால் ஆட இயலாததால் டொனால்டு கார் இங்கிலாந்துக்குத் தலைமை ஏற்றார். அவர் தம் வாழ்நாளில் ஆடியவை இரண்டே டெஸ்ட் போட்டிகள், இரண்டும் இத்தொடரிலேயே. அவர் அணித் தலைவராக இருந்தது சென்னையில் மட்டும்.

இந்திய அணியில் ஹேமு அதிகாரி காயமடைந்ததால் பாலி உம்ரிகருக்கு இடம் கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சி. டி. கோபிநாத் சொந்த ஊரில் ஆடினார். அவர் இத்தொடரின் மும்பைப் போட்டியில் அறிமுகமாகி, ஆட்டமிழக்காமல் 50, பின்னர் 42 ஓட்டங்கள் எடுத்திருந்தார். தொடக்க மட்டையாளர் முஷ்டாக் அலிக்கு இதுவே கடைசி டெஸ்ட். 1934 இல் முதல் டெஸ்ட் ஆடிய அவர், ஓய்வு பெறும் போட்டியில்தான் தம் அணியின் முதல் வெற்றியைக் கண்டார். இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் சதம் அடித்த லாலா அமர்நாத்தும் அணியில் இருந்தார்.

முதல் நாளும் மன்னரின் மறைவும்

நாணயச் சுழற்சியில் வென்ற கார் முதலில் துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தார். பிராங்கு லோசனை தத்து பட்கர் 1 ஓட்டத்தில் வீழ்த்தினாலும், டிக் ஸ்பூனர் 66, டாம் கிரேவனி 39, ஜாக் ராபர்ட்சன் 77 என ஓட்டங்களைச் சேர்த்தனர். நாள் முடிவில் இங்கிலாந்து 5 விக்கெட்டுகளுக்கு 224. இந்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு ஒருதலைப்பட்சமான போட்டி ஒன்று தொடங்கியிருப்பதாகத் தோன்றாது.

அன்றுதான் இலண்டனிலிருந்து பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜ் மறைந்த செய்தி வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை அவர் இந்தியாவின் பேரரசரும் ஆவார். இந்தியா 1950 இல் குடியரசாகிவிட்டது. நாட்டின் முதலாவது பொதுத் தேர்தலும் அவ்வேளையில் நடந்துகொண்டிருந்தது. இருப்பினும் மறைந்த மன்னருக்கு மரியாதை செலுத்தும் வகையில் போட்டியின் ஓய்வு நாள் முன்னதாகவே, பெப்ரவரி 7 அன்று, விடப்பட்டது. ஆட்டம் 8ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. எனவே போட்டி ஐந்து நாட்களில் பரவியிருந்தாலும் உண்மையில் ஆடப்பட்டவை நான்கு நாட்களே.

மன்கட்டின் பந்துவீச்சு

மீண்டும் தொடங்கிய ஆட்டத்தில் இங்கிலாந்தின் எஞ்சிய ஐந்து விக்கெட்டுகள் 42 ஓட்டங்களுக்குள் விழுந்தன. மொத்தம் 266. வினூ மன்கட் 38.5 ஓவர்கள் வீசி, அவற்றில் 15 ஓவர்களில் ஓட்டமே கொடுக்காமல், 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்.

மன்கட் இடதுகை மெதுவேகச் சுழற்பந்து வீச்சாளர். அவர் விக்கெட்டுகள் எடுத்த முறை ஆட்டத்தைக் கற்போர் கவனிக்கத்தக்கது. எட்டு விக்கெட்டுகளில் நான்கு, விக்கெட் காப்பாளர் புரோபிர் சென் செய்த ஸ்டம்பிங்குகள்: கிரேவனி, கார், இல்டன், பிரையன் இசுடாதம். ஸ்டம்பிங் முறையில் ஒருவர் ஆட்டமிழக்க வேண்டுமானால் அவர் எல்லைக்கோட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பந்தைக் காற்றில் உயர்த்தி வீசும் சுழற்பந்து வீச்சாளர், அது விழப்போகும் இடத்தை மட்டையாளர் தவறாகக் கணிக்குமாறு செய்கிறார். முன்னே வந்து அடிக்கலாம் என நம்பி மட்டையாளர் இறங்குகிறார். பந்து எதிர்பார்த்ததற்கு முன்பே விழுந்து, திரும்பி, மட்டையைத் தாண்டுகிறது. ஆகவே ஒரே இன்னிங்சில் நான்கு ஸ்டம்பிங்குகள் என்பது, ஆடுகளத்தின் உதவியைவிட வீச்சாளர் காற்றில் செய்த ஏமாற்று வேலைக்கே கூடுதல் சான்று எனலாம். ஓட்டம் கொடுக்காத 15 ஓவர்களும் இதில் பங்கு வகித்தன. ஓட்டம் வராத மட்டையாளரே பொறுமையிழந்து இறங்கி வருவார்.

இரண்டாவது இன்னிங்சிலும் சென் ஒரு ஸ்டம்பிங் செய்தார், அதுவும் மன்கட்டின் பந்திலேயே. அதே சேப்பாக்கத்தில் 1988 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கிரண் மோரே ஒரு இன்னிங்சில் 5, போட்டியில் 6 ஸ்டம்பிங்குகள் செய்து சாதனை படைத்தார்.

இந்திய இன்னிங்ஸ்

இந்தியா 9 விக்கெட்டுகளுக்கு 457 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. தொடக்க மட்டையாளர் பங்கஜ் ராய் 111 ஓட்டங்கள் எடுத்தார். தொடரில் இது அவருடைய இரண்டாவது சதம். முஷ்டாக் அலி 22, ஹசாரே 20, மன்கட் 22, அமர்நாத் 31 ஓட்டங்களுடன் வெளியேறினர். தொடர் முழுவதும் ஹசாரேயை நம்பியிருந்த அணி, அவர் குறைவாக எடுத்த போட்டியிலேயே தன் மிகச் சிறந்த நிலையை எட்டியது கவனிக்கத்தக்கது.

ஆட்டத்தை இங்கிலாந்தின் கையிலிருந்து முற்றாகப் பறித்தவர் ஏழாவதாக வந்த உம்ரிகர். பட்கர் (61), கோபிநாத் (35) ஆகியோர் துணை நிற்க, அவர் ஆட்டமிழக்காமல் 130 ஓட்டங்கள் குவித்தார். இது அவருடைய முதலாவது டெஸ்ட் சதம். மாற்று ஆட்டக்காரராக அணிக்குள் வந்த அவர், 59 டெஸ்ட் போட்டிகளில் 12 சதங்களுடன் 3,631 ஓட்டங்கள் எடுத்து ஓய்வு பெற்றார்.

முடிவு

191 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் இங்கிலாந்து மீண்டும் ஆடியது. அந்த 191 ஓட்டங்களை எடுத்தால்தான் இந்தியாவை மறுபடி துடுப்பெடுத்தாட வைக்க முடியும். எடுக்கத் தவறினால் அது இன்னிங்ஸ் தோல்வி எனப்படும். ராபர்ட்சன் 56, ஆலன் வாட்கின்சு 48 தவிர எவரும் 25 ஓட்டங்களுக்கு மேல் செல்லவில்லை. வலதுகைச் சுழற்பந்து வீச்சாளர் குலாம் அகமது, கிரேவனி, ராபர்ட்சன் உள்ளிட்ட நால்வரை 77 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். வாட்கின்சு, இல்டன், பிரெட் ரிட்ச்வே, இசுடாதம் ஆகியோரை மன்கட் 53 ஓட்டங்களுக்குச் சாய்த்தார். இங்கிலாந்து பெப்ரவரி 10 அன்று 183 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மன்கட் போட்டியில் 108 ஓட்டங்களுக்கு 12 விக்கெட்டுகள் எடுத்தார். தொடரில் அவர் எடுத்தவை 34. தொடர் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது.

ஓட்டச் சுருக்கம்
இங்கிலாந்து: 266 (ராபர்ட்சன் 77, ஸ்பூனர் 66, மன்கட் 8/55), 183 (ராபர்ட்சன் 56, மன்கட் 4/53, குலாம் அகமது 4/77)
இந்தியா: 457/9 (உம்ரிகர் 130*, பங்கஜ் ராய் 111, பட்கர் 61)

வெற்றியின் மதிப்பு குறித்த கருத்துக்கள்

லென் ஹட்டன், டெனிஸ் காம்ப்டன், அலெக் பெட்சர், காட்பிரே இவான்சு, ஜிம் லேக்கர் போன்ற முதன்மை ஆட்டக்காரர்கள் இச்சுற்றுப்பயணத்தில் வரவில்லை. இதைக் காட்டி, இந்தியா வென்றது இங்கிலாந்தின் இரண்டாம் தர அணியையே எனச் சிலர் குறைத்து மதிப்பிடுவதுண்டு. அக்கருத்தில் உண்மை இருந்தாலும் அது முழு உண்மை அன்று. பின்னர் 252 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த இசுடாதமும், மும்பையில் 175 ஓட்டங்கள் குவித்த கிரேவனியும், கான்பூரில் இந்தியாவை வென்ற இரு சுழற்பந்து வீச்சாளர்களும் இவ்வணியில் இருந்தனர்.

அதே ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து சென்ற இந்தியா, ஹட்டன் தலைமையிலான முழு அணியிடம் 3-0 எனத் தோற்றது. லீட்சில் நடந்த முதல் போட்டியின் இரண்டாவது இன்னிங்சில், அறிமுக வீரர் பிரெட் ட்ரூமனின் வேகத்தில், ஓட்டம் ஏதும் எடுக்குமுன் 4 விக்கெட்டுகளை இழந்தது. சென்னையில் சதம் அடித்த பங்கஜ் ராய் அத்தொடரில் ஏழு இன்னிங்சுகளில் ஐந்து முறை ஓட்டமெதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். லங்காசயர் லீக் ஒப்பந்தத்தால் மன்கட் லீட்சில் ஆடவில்லை. லார்ட்சில் ஆடிய அவர் 72, 184 ஓட்டங்கள் எடுத்ததோடு முதல் இன்னிங்சில் 73 ஓவர்கள் வீசி 5 விக்கெட்டுகளும் எடுத்தார். ஆயினும் இந்தியா தோற்றது. ஆகவே சென்னை வெற்றி இந்திய அணியை ஒரே நாளில் வலுவானதாக்கிவிடவில்லை. மெதுவாகத் திரும்பும் சொந்த ஆடுகளங்களில் சுழற்பந்து வீச்சினால் எவரையும் வெல்லலாம் என்பதை அது நிறுவியது. வேகப்பந்தின் முன் அணியிடம் இருந்த குறை அப்படியே தொடர்ந்தது.

பிற நாடுகளுடன் ஒப்பிட்டால், பாக்கித்தான் தனது இரண்டாவது டெஸ்டிலேயே (1952 அக்டோபர், இலக்னோ, இந்தியாவுக்கு எதிராக) வென்றது. நியூசிலாந்து 26 ஆண்டுகள் காத்திருந்து 1956 இல்தான் முதல் வெற்றியைக் கண்டது. இந்தியா இங்கிலாந்தை ஒரு தொடரில் தோற்கடித்தது 1961-62 இல் ஆகும். அத்தொடரின் இறுதி வெற்றியும் சென்னையிலேயே கிடைத்தது, ஆனால் சேப்பாக்கத்தில் அன்று, மாநகராட்சி விளையாட்டரங்கில். அதே மாநகராட்சி அரங்கில்தான் 1956 சனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் (231) பங்கஜ் ராயும் (173) முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்து உலக சாதனை படைத்தனர். அச்சாதனை 2008 வரை நிலைத்திருந்தது.